மரணமே கடைசிச் சத்துரு: நித்திய ஜீவன் என்ற நம்பிக்கையின் பின்னணி

நாளிதழில் மரண அறிவித்தல் பக்கத்தைத் தவறாமல் படிப்பவர்கள், இறந்தவரின் பெயரைப் பார்க்காமலே அவர் எந்தச் சமயத்தவர் என்று சொல்லிவிடுவார்கள். ‘சிவபதம் அடைந்தார்’ என்றால் சைவர். ‘வைகுண்ட பதவி அடைந்தார்’ என்றால் வைணவர். ‘இறைவனடி சேர்ந்தார்’ என்பது பலருக்கும் பொதுவாகிவிட்ட வாசகம். அதன் வேர் பத்தாவது குறளில் இருக்கிறது. ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்றிருந்தால் கேட்கவே வேண்டாம், அவர் கிறிஸ்தவர்.

முதல் மூன்று வாசகங்களும் ஒரு பயணத்தின் முடிவைச் சொல்கின்றன. போக வேண்டிய இடத்துக்கு அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். நான்காவது மட்டும் அவர் தூங்குகிறார் என்கிறது. தூங்குகிறவர் எங்கும் போய்ச் சேர்ந்துவிடவில்லை; விழிப்பது இனிமேல்தான். கிரேக்கம் பேசிய ஆதிக் கிறிஸ்தவர்கள் தங்கள் இடுகாட்டுக்கு வைத்த பெயர் ‘கொய்மேத்தேரியோன்’. அதற்குப் பொருள் படுக்கையறை, தூங்குமிடம். ஆங்கிலத்தில் கல்லறைத் தோட்டத்தைக் குறிக்கும் ‘செமெட்ரி’ அதிலிருந்து வந்ததுதான்.

இந்தச் சிறிய வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால், நித்திய ஜீவன் என்று கிறிஸ்தவர்கள் சொல்வதன் உள்ளடக்கம் பிடிபடும். சாவில் உடல் கழன்று விழுகிறது, ஆத்துமா பரலோகத்துக்குப் பறக்கிறது, அங்கே என்றென்றைக்கும் இருக்கிறது; இதுதான் நித்திய ஜீவன் என்று வெளியே இருப்பவர்கள் எண்ணுகிறார்கள். ஆலயத்துக்குள் உட்கார்ந்திருப்பவர்களிலும் பாதிப் பேர் அப்படித்தான் எண்ணுகிறார்கள். ஆனால் அதே மக்கள் எழுந்து நின்று சொல்லும் அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணம் ‘சரீரம் உயிர்த்தெழுதலும், நித்திய ஜீவனும் உண்டென்று விசுவாசிக்கிறேன்’ என்று முடிகிறது. ஆத்துமா அழியாதது என்று அதில் ஒரு சொல்கூட இல்லை. சரீரம் எழும் என்கிறது. அதற்குப் பிறகுதான் நித்திய ஜீவன்.

பாதாளத்தின் மௌனம்

பைபிளின் முற்பகுதியில் மறுமையைத் தேடுகிறவர் ஏமாந்துபோவார். ஆபிரகாமுக்குக் கடவுள் கொடுத்த வாக்குறுதி நிலமும் சந்ததியும். நீண்ட ஆயுள், நிறையப் பிள்ளைகள், தன் திராட்சைக் கொடியின் நிழலில் பயமில்லாமல் உட்கார்ந்திருப்பது, இவைதான் ஆசீர்வாதம். இறந்தபின் நல்லவரும் கெட்டவரும் பேதமின்றி இறங்கும் இடத்துக்கு எபிரேயத்தில் ‘ஷியோல்’ என்று பெயர். தமிழ் வேதாகமம் அதைப் பாதாளம் என்கிறது. அங்கே தண்டனை கிடையாது, வெகுமதியும் கிடையாது; இருட்டும் மௌனமும்தான் உண்டு. ‘மரணத்தில் உம்மை நினைவுகூர்வதில்லை, பாதாளத்தில் உம்மைத் துதிப்பவன் யார்?’ என்று ஆறாம் சங்கீதம் கடவுளிடம் வாதாடுகிறது. என்னைச் சாகவிட்டால் உம்மைப் பாட ஓர் ஆள் குறையும் என்கிற பேரம் அது. கேட்கச் சற்று வேடிக்கையாக இருந்தாலும், மறுமையில் நம்பிக்கை வைத்த ஒருவர் பேசக்கூடிய பேச்சு இல்லை.

இத்தனைக்கும் பக்கத்து நாடு எகிப்து. சாவுக்குப் பிறகான வாழ்வுக்காகப் பிரமிடு கட்டி, உடலைப் பதப்படுத்தி, கூடவே உணவும் நகையும் வைத்து அனுப்பிய நாடு. அங்கே அடிமைகளாய் இருந்துவிட்டு வந்ததாகத் தங்கள் வரலாற்றைச் சொல்லிக்கொண்ட ஒரு சமூகம், மறுமை பற்றி ஏறக்குறைய வாயே திறக்கவில்லை. பார்வோன்களின் சாவு வியாபாரத்தைக் கட்டட வேலைக்காரர்களாக நின்று பார்த்தவர்களின் வெறுப்பு அதில் இருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். ஊகம்தான்.

பிறகு மெல்ல மெல்லப் பேச்சு மாறுகிறது. யூதர்கள் பாபிலோனில் சிறைப்பட்டிருந்த காலத்தில் எசேக்கியேல் என்ற தீர்க்கதரிசி உலர்ந்த எலும்புகள் நிறைந்த பள்ளத்தாக்கு ஒன்றைத் தரிசனத்தில் காண்கிறார். எலும்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து, நரம்பும் சதையும் பிடித்து எழுந்து நிற்கின்றன. அவர் சொல்லவந்தது தனிமனிதர்களின் உயிர்த்தெழுதலைப் பற்றி இல்லை. நாடிழந்த இனம் மறுபடி எழும் என்பதைத்தான் சொன்னார். ஆனால் உருவகம் ஊன்றிவிட்டது.

அது நேரடி நம்பிக்கையாக முளைத்தது இரத்தம் சிந்திய ஒரு காலத்தில். சிரியாவிலிருந்து ஆண்ட கிரேக்க அரசன் நான்காம் அந்தியோக்கு கி.மு. 167-இல் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தி, யூதச் சட்டங்களைக் கடைப்பிடிப்பதையே மரண தண்டனைக் குற்றமாக்கினான். கத்தோலிக்க விவிலியத்தில் இருக்கும், புராட்டஸ்டன்ட் வேதாகமத்தில் இல்லாத மக்கபேயர் இரண்டாம் நூலின் ஏழாம் அதிகாரம் அந்தக் காலத்தைப் பற்றியது. பன்றி இறைச்சி உண்ண மறுத்த ஏழு சகோதரர்களை, தாயின் கண்முன்னே ஒவ்வொருவராகச் சித்திரவதை செய்து கொல்கிறார்கள். மூன்றாமவன் கேட்டவுடன் நாக்கையும் கைகளையும் தானே நீட்டுகிறான். இவற்றை விண்ணகக் கடவுளிடமிருந்து பெற்றேன், அவரிடமிருந்தே திரும்பப் பெறுவேன் என்கிறான்.

அவன் கேட்பது ஆத்துமாவுக்குச் சாந்தி இல்லை. வெட்டப்பட்ட கைகள் அவனுக்குத் திரும்ப வேண்டும். இன்றைய ஆய்வாளர்களில் பெரும்பாலோர் இதே நெருக்கடிக் காலத்தில் வைக்கும் தானியேல் நூலின் கடைசி அதிகாரத்தில்தான், எபிரேய மறைநூலில் முதன்முறையாக ‘நித்திய ஜீவன்’ என்ற சொல் வருகிறது: பூமியின் தூளிலே நித்திரைபண்ணுகிறவர்களில் சிலர் நித்திய ஜீவனுக்கும், சிலர் நித்திய நிந்தைக்கும் விழித்தெழுவார்கள். தூக்கம், விழிப்பு ஆகிய இரண்டு சொற்களும் இங்கேயே வந்துவிட்டன. நம் மரண அறிவித்தலுக்கு வயது இரண்டாயிரத்துக்கும் மேல்.

மறுமை நம்பிக்கை எல்லாமே மரண பயத்துக்கு மனிதன் கண்டுபிடித்த மருந்து என்று சொல்வதுண்டு. இந்த நம்பிக்கை பிறந்த இடத்தைப் பார்த்தால் அந்த விளக்கம் பொருந்துவதாகத் தெரியவில்லை. அந்தச் சகோதரர்கள் சாகப் பயப்படவில்லை. பயந்திருந்தால் ஒரு துண்டு இறைச்சியோடு பிரச்சினை முடிந்திருக்கும். அவர்கள் எழுப்பியது ஒரு வழக்கு. சித்திரவதை செய்தவனும் அதற்கு ஆளானவனும் ஒரே மண்ணுக்குள் போய், கணக்கு அதோடு முடிந்தது என்றால், கடவுள் நீதியுள்ளவர் என்று எந்த வாயால் சொல்வது? உயிர்த்தெழுதல் அந்த வழக்குக்குக் கிடைத்த பதில்.

ஏழு கணவர்களின் கதை

இயேசுவின் காலத்துக்குள் இந்த நம்பிக்கை யூதர்களை இரண்டாகப் பிரித்திருந்தது. மோசேயின் சட்டத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்த பரிசேயர் உயிர்த்தெழுதலை ஏற்றார்கள். ஆலயத்தையும் அதன் வருமானத்தையும் கையில் வைத்திருந்த சதுசேயர் ஏற்கவில்லை. இம்மையிலேயே எல்லாம் கிடைத்துவிட்டவர்களுக்கு மறுமை எதற்கு என்று கேலியாகச் சொல்லலாம். ஆனால் அவர்களிடம் மறைநூல் சார்ந்த வாதமும் இருந்தது: மோசேயின் சட்டத்தில் அது எங்கே எழுதியிருக்கிறது?

மாற்கு நற்செய்தியின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் அவர்கள் இயேசுவிடம் ஒரு புதிர் போடுகிறார்கள். பிள்ளையில்லாமல் இறந்தவனின் மனைவியை அவன் தம்பி மணக்க வேண்டும் என்பது சட்டம். ஒரு பெண் இப்படியே ஏழு சகோதரர்களை வரிசையாக மணந்து, ஏழு பேரும் இறந்து, கடைசியில் அவளும் இறந்தாள். உயிர்த்தெழுதலில் அவள் யாருடைய மனைவி? நன்றாகப் பழகித் தேய்ந்த நக்கல் என்பது கேள்வியிலேயே தெரிகிறது.

பதில் இரண்டு படியாக வருகிறது. எழுந்திருக்கும்போது கொள்வனையும் இல்லை, கொடுப்பனையும் இல்லை. இந்த வாழ்க்கையை அப்படியே நீட்டி அளப்பதாக அதை நினைக்காதீர்கள் என்பது ஒன்று. மற்றது அவர்களுடைய சொந்த ஆதாரத்திலிருந்தே எடுத்தது. எரியும் முட்செடியில் கடவுள் மோசேயிடம் ‘நான் ஆபிரகாமின் தேவன், ஈசாக்கின் தேவன், யாக்கோபின் தேவன்’ என்றார். அவர் மரித்தோருக்குத் தேவனாயிராமல் ஜீவனுள்ளோருக்குத் தேவனாயிருக்கிறார். மனிதனுக்குள் அழியாத ஏதோ ஒன்று இருக்கிறது என்ற வாதம் இதில் எங்கும் இல்லை. உறவு வைத்தவர் கைவிட மாட்டார் என்பதுதான் வாதம். ஆத்துமாவின் இயல்பைப் பற்றிய பேச்சு மெல்லக் கடவுளின் குணத்தைப் பற்றிய பேச்சாகிவிடுகிறது. பிற்காலத்துக் கிறிஸ்தவச் சிந்தனை இந்த ஒரு திருப்பத்தின் மேல்தான் நிற்கிறது.

பவுலின் விதை

புதிய ஏற்பாட்டில் மிகப் பழைய எழுத்து என்று பலரும் கருதுவது, கி.பி. 50-ஐ ஒட்டிப் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் கடிதம். கிறிஸ்து சீக்கிரம் திரும்பி வருவார் என்று காத்திருந்த ஒரு சிறு கூட்டத்தில் சிலர் இறந்துபோனார்கள். அவர்கள் கதி என்ன, எல்லாவற்றையும் தவறவிட்டுவிட்டார்களா என்று உறவினர் கலங்கினார்கள். இறந்தவர்களின் ஆத்துமா இப்போது பரலோகத்தில் இருக்கிறது, கவலைப்படாதீர்கள் என்று பவுல் எளிதாக எழுதியிருக்கலாம். எழுதவில்லை. நித்திரையடைந்தவர்கள் முதலாவது எழுந்திருப்பார்கள் என்றுதான் எழுதினார்.

நான்கைந்து ஆண்டுகளுக்குப் பிறகு கொரிந்து பட்டணத்தில் வேறு சிக்கல். அங்கிருந்தவர்கள் கிரேக்கச் சூழலில் வளர்ந்தவர்கள். கிறிஸ்து எழுந்தார் என்பதை ஏற்றார்கள். மற்றவர்களின் உடலும் எழும் என்பது அவர்களுக்கு அருவருப்பாக இருந்தது. உடல் என்பது சிறை, சாவு விடுதலை என்று கேட்டுப் பழகிய காதுகள். சிறையிலிருந்து வெளியே வந்தவனுக்கு மறுபடி அதே சிறையைப் பரிசாகக் கொடுப்பதா? அவர்களுக்குப் பவுல் எழுதிய பதில்தான் முதலாம் கொரிந்தியரின் பதினைந்தாம் அதிகாரம். இன்றும் கிறிஸ்தவ அடக்க ஆராதனைகளில் வாசிக்கப்படுவது. ‘கிறிஸ்து எழுந்திராவிட்டால், எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா’ என்று எல்லாவற்றையும் ஒரே பந்தயத்தில் வைக்கிறார். எந்த உடலோடு வருவார்கள் என்று கேட்டவனை ‘புத்தியீனனே’ என்று அதட்டிவிட்டு, விதையைக் காட்டுகிறார். விதைப்பது தானியம், முளைப்பது பயிர். இரண்டும் ஒன்றா என்றால் ஒன்று இல்லை. வேறா என்றால் வேறும் இல்லை. நாற்றங்கால் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

கிரேக்க நம்பிக்கைக்கும் இதற்கும் உள்ள இடைவெளியை இரண்டு மரணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். கி.மு. 399-இல் ஏதென்ஸ் சிறையில் சாக்ரடீஸ் நண்பர்களோடு ஆத்துமாவின் அழியாமையைப் பற்றி உரையாடிவிட்டு, கலங்காமல் நஞ்சுக் கோப்பையை வாங்கிக் குடித்ததாகப் பிளேட்டோ எழுதுகிறார். அழுதவர்களைத்தான் அவர் தேற்ற வேண்டியிருந்தது. கெத்செமனே தோட்டத்தில் இயேசுவோ திகிலடைந்து, வியாகுலப்பட்டு, இந்தப் பாத்திரம் நீங்காதா என்று மன்றாடுகிறார். ஆஸ்கார் குல்மான் என்ற இறையியலாளர் 1955-இல் ஹார்வர்டில் ஆற்றிய உரையில் இந்த ஒப்பீட்டை முன்வைத்தபோது பலருக்குக் கோபம் வந்தது. தங்கள் ஆறுதலை அவர் பறித்துவிட்டதாக நினைத்தார்கள். ஆனால் அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. சாக்ரடீஸுக்கு மரணம் நண்பன். இயேசுவுக்கும் பவுலுக்கும் அது எதிரி. ‘பரிகரிக்கப்படுங் கடைசிச் சத்துரு மரணம்’ என்பது பவுலின் வரி.

பிறவிக் கடலும் மறுமையும்

தமிழுக்கு வரும்போது இந்தக் கதை இன்னொரு சுவாரசியமான இடத்தில் முட்டுகிறது. நம் சமய மரபில் எதிரி யார்? மரணம் இல்லை, பிறப்பு. ‘பிறவிப் பெருங்கடல் நீந்துவர்’ என்கிறது குறள். பிறவிப் பிணி என்பது பக்தி இலக்கியத்தில் எங்கும் கேட்கும் குரல். இந்த நோயிலிருந்து விடுபடுவதுதான் வீடுபேறு, முத்தி, மோட்சம். மரணம் ஒருமுறை வந்து போவதோடு முடிந்துவிட்டால் நல்லதுதான். அது திரும்பத் திரும்பப் பிறக்க வைப்பதுதான் துன்பம்.

இந்த மண்ணில் வந்து நித்திய ஜீவனைப் பிரசங்கித்தவர்களின் சிக்கலை எண்ணிப் பாருங்கள். முடிவில்லாமல் வாழலாம் என்று சொன்னால், அதிலிருந்து தப்பிக்கத்தானே பாடுபடுகிறோம் என்று கேட்பவர் கேட்கலாம். ‘மோட்சம்’ என்ற சொல்லைக் கிறிஸ்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஜான் பனியனின் நூல் தமிழில் ‘மோட்சப் பிரயாணம்’ என்றே வழங்குகிறது. ஆனால் அந்தச் சொல்லுக்குள் இருந்த விடுதலை என்ற பொருள் கழன்று, பரலோகம் என்ற இடப்பெயர் மட்டும் மிஞ்சியது. வேதாகம மொழிபெயர்ப்பாளர்கள் இதில் கூடுதல் கவனம் காட்டினார்கள். மாற்கு பத்தாம் அதிகாரத்தில் ‘இம்மையிலே’ என்றும் ‘மறுமையிலே நித்தியஜீவனையும்’ என்றும் வரும் இணை, இம்மையும் மறுமையும் பேசிய மரபிலிருந்து எடுத்தது. அந்த இடத்தில் மிகச் சரியாகப் பொருந்துவது. கிரேக்கத்தில் ‘அயோனியோஸ்’ என்ற சொல்லின் வேர் ‘அயோன்’, அதாவது ஒரு யுகம். யூதர்கள் காலத்தை இரண்டாகப் பிரித்தார்கள்: இந்த யுகம், வரும் யுகம். நித்திய ஜீவன் என்றால் முதன்மையாக ‘வரும் யுகத்தின் வாழ்வு’. அளவைவிடத் தன்மையைச் சொல்லும் சொல்.

அந்த நுணுக்கம் தமிழில் எவ்வளவு தங்கியது? புராட்டஸ்டன்ட் சபைகளில் வழங்கும் 1871-ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பின் ‘நித்திய ஜீவன்’ கேட்பவர் மனதில் உடனே நீளத்தைத்தான் எழுப்புகிறது: முடிவே இல்லாத காலம். 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ‘நிலைவாழ்வு’ என்று வைத்தது. நிலைத்தல் என்பதில் காலமும் இருக்கிறது, அசையாத தன்மையும் இருக்கிறது. பழைய சொல்லின் இசைக்குப் பழகியவர்களுக்கு அது இன்னமும் ஒட்டவில்லை. மொழிபெயர்ப்பு என்ற வகையில் எனக்கு நிலைவாழ்வே மேல். கல்லறை ஓரத்தில் நின்று கேட்கும்போது மட்டும் நித்திய ஜீவன்.

இரண்டு மரபுகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுவதாக இதைவைத்து முடிவுகட்டிவிடவும் கூடாது. பெரியபுராணத்தில் காரைக்கால் அம்மையார் இறைவனிடம் வரம் கேட்கிறார். பிறவாமை வேண்டும் என்பதுதான் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆனால் அதற்கு முன்னால் அவர் வேண்டுவதாகச் சேக்கிழார் சொல்வது ‘இறவாத இன்ப அன்பு’. சாகாதிருக்க வேண்டியது தான் அல்ல, அன்பு என்கிறார். யோவான் நற்செய்தியைப் படிக்கும்போது எனக்கு இந்த வரி அடிக்கடி நினைவுக்கு வரும்.

இப்போதே தொடங்கியது

ஏனென்றால் யோவான் இந்தச் சொல்லை வேறு இடத்துக்குக் கொண்டுபோகிறார். மற்ற மூன்று நற்செய்திகளிலும் இயேசுவின் பேச்செல்லாம் தேவனுடைய ராஜ்யத்தைப் பற்றியது. யோவானில் அந்தத் தொடர் ஒரே ஓர் உரையாடலோடு நின்றுவிடுகிறது. அதன் இடத்தில் ‘நித்திய ஜீவன்’ 17 முறை வருகிறது. வினைச்சொற்களைக் கவனித்தால் பெரும்பாலும் நிகழ்காலமும் இறந்தகாலமுமாக இருக்கும். ‘என் வசனத்தைக் கேட்டு விசுவாசிக்கிறவனுக்கு நித்தியஜீவன் உண்டு’. அவன் மரணத்தைவிட்டு நீங்கி ஜீவனுக்கு உட்பட்டிருக்கிறான். இனிமேல் கிடைக்கும் என்று இங்கே ஒத்திப்போடவில்லை.

லாசரு இறந்து நான்கு நாளான வீட்டில் மார்த்தாள் சொல்வது அன்றைய நல்ல யூதப் பெண் ஒருத்தியின் சரியான நம்பிக்கை: கடைசி நாளிலே அவனும் உயிர்த்தெழுவான் என்று அறிந்திருக்கிறேன். அந்தக் கடைசி நாளை இயேசு அவள் வீட்டு வாசலுக்கு இழுத்துவிடுகிறார்: ‘நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்.’ பிறகு லாசரு கல்லறையிலிருந்து வெளியே வருகிறான். ஆனால் அவனுக்குக் கிடைத்தது நித்திய ஜீவன் இல்லை. பிறகு ஒருநாள் அவனும் செத்திருப்பான். இரண்டு முறை அடக்கம் பண்ணப்பட்ட பாவப்பட்ட மனிதன். அந்த அற்புதம் ஒரு கைகாட்டி மரம் மட்டும்தான்.

இலக்கணம்போல ஒரு வரி யோவான் 17-இல் இருக்கிறது: ‘ஒன்றான மெய்த்தேவனாகிய உம்மையும் நீர் அனுப்பினவராகிய இயேசுகிறிஸ்துவையும் அறிவதே நித்தியஜீவன்.’ எவ்வளவு காலம் என்ற பேச்சே இதில் இல்லை. அறிதல் என்பதும் பாடம் படிப்பது போன்றதன்று. எபிரேய மரபில் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் அறிவதற்கு உள்ள சொல் அது.

நீளமாக மட்டும் நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நவீன எதிர்ப்பு ஒன்று உண்டு. பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலத் தத்துவ அறிஞர் 1973-இல் வெளியிட்ட கட்டுரையில், 342 வயதான ஒரு நாடகப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, சாகாமை கடைசியில் சலிப்பில்தான் முடியும் என்று வாதிட்டார். நியாயமான வாதம். அதே கேள்வியைப் போப் பதினாறாம் பெனடிக்ட் 2007-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் தாமே எழுப்பினார்: நமக்கு உண்மையிலேயே நித்திய வாழ்வு வேண்டுமா? இந்த வாழ்க்கையை முடிவில்லாமல் இழுத்துக்கொண்டே போவது பரிசைவிடத் தண்டனையாகத் தெரிகிறதே என்றார். அவர் தந்த உருவகம் கடல். முன்னும் பின்னும் இல்லாமல்போன அன்பின் கடலில் முங்குவது. 524-ஐ ஒட்டிச் சிறையில் மரண தண்டனைக்குக் காத்திருந்த ரோமத் தத்துவ அறிஞர் போயத்தியஸ் தந்த வரையறை இதற்கு அடிப்படை: எல்லையற்ற வாழ்வை ஒருசேர, முழுமையாக உடைமை கொள்வதே நித்தியம். நான்காம் நூற்றாண்டின் நீசா நகர் கிரகோரி வேறு வழியில் போனார். கடவுள் எல்லையற்றவர் என்றால் அவரை நோக்கிய நடையும் முடியாது. ஒவ்வொரு தாகம் தீரும்போதும் அதைவிடப் பெரிய தாகம் பிறக்கும். சலிப்புக்கு இடம் எங்கே? இரண்டில் எனக்குக் கிரகோரியின் பதில்தான் உயிருள்ளதாகப் படுகிறது. போயத்தியஸின் நித்தியம் கொஞ்சம் உறைந்துபோனது.

இடையில் என்ன?

கடைசி நாளில் எழுவார்கள் என்றால், அதுவரை இறந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள்? புதிய ஏற்பாடு இதற்கு நேராகப் பதில் சொல்வதில்லை. சிலுவையில் தொங்கிய கள்ளனிடம் ‘இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்’ என்கிறது ஓரிடம். தூங்குகிறார்கள் என்கிறது இன்னோரிடம். இந்த இடைவெளியில்தான் கிரேக்க ஆத்துமா மெல்ல உள்ளே நுழைந்து இருக்கை போட்டுக்கொண்டது.

இந்தக் கேள்வியில் ஒரு போப்பே சறுக்கியிருக்கிறார். அவிஞோனிலிருந்து ஆண்ட இருபத்திரண்டாம் ஜான் 1331-இல் தொடங்கித் தம் பிரசங்கங்களில், புனிதர்களின் ஆத்துமாக்கள்கூடக் கடைசித் தீர்ப்புக்கு முன்னால் கடவுளை முகமுகமாய்க் காண்பதில்லை என்று சொன்னார். பெரும் கலவரம். எல்லோரும் கடைசி நாள்வரை காத்திருந்தால், புனிதர்களை நோக்கி மன்றாடுவதன் பொருள் என்ன? 1334 டிசம்பரில் சாவதற்கு முந்தின நாள் அவர் அந்தக் கருத்தைக் கைவிட்டார். அடுத்து வந்த பன்னிரண்டாம் பெனடிக்ட் 1336-இல் விவகாரத்தை முடித்துவைத்தார்: தூய்மையடைந்த ஆத்துமாக்கள் உடனே கடவுளைக் காண்கின்றன, உடல்கள் கடைசி நாளில் எழும். தூய்மையடைவது இன்னும் மீதியிருப்பவர்களுக்கு உத்தரிக்கிற ஸ்தலம், அதாவது சாவுக்குப் பின் சுத்திகரிக்கப்படும் நிலை. நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைத் திருநாளில் தமிழ்க் கத்தோலிக்கர்கள் கல்லறைகளைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, நித்திய இளைப்பாற்றிக்காக வேண்டுவது இந்த நம்பிக்கையின் மேல்தான்.

அந்த வேண்டுதலில் பணம் கலந்தபோது ஐரோப்பா பிளந்தது. 1517-இல் ஜெர்மானியத் துறவி மார்ட்டின் லூத்தர் கேள்வி எழுப்பியது பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையைப் பற்றி. உத்தரிக்கிற ஸ்தலத்தையே மறுப்பது பிறகு வந்தது. லூத்தருக்குத் தூக்கம் என்ற பழைய சொல்லில் பிரியம் அதிகம். கிறிஸ்து வந்து கல்லறையைத் தட்டி, டாக்டர் மார்ட்டின், எழுந்திரும் என்று சொல்லும்வரை தூங்குவேன் என்பார். இன்னொரு சீர்திருத்தத் தலைவரான கால்வினுக்கு அது பிடிக்கவில்லை. ஆத்துமா தூங்குகிறது என்பவர்களுக்கு எதிராக 1534-இலேயே ஒரு நூல் எழுதினார். இன்றைய சபைகளில் ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகள் லூத்தரின் தூக்கத்தை முழுக் கோட்பாடாகவே வைத்திருக்கிறார்கள்.

நரகத்தைப் பற்றியும் இதேபோல ஒருமித்த குரல் இருந்ததில்லை. முடிவற்ற வேதனை என்பது பெரும்பான்மைக் கருத்து. கடைசியில் எல்லோரும் மீட்கப்படுவார்கள் என்று நம்பியவர்களும் உண்டு, மேலே சொன்ன கிரகோரி உட்பட. தீயோர் இல்லாமல் அழிந்துபோவார்கள் என்பவர்களும் உண்டு. மத்தேயு 25-இல் நித்திய ஆக்கினையும் நித்திய ஜீவனும் ஒரே வசனத்தில் வருகின்றன. அங்கே தீர்ப்புக்கு அளவுகோலாக நிற்பது பசித்தவனுக்குச் சோறு, தாகமானவனுக்குத் தண்ணீர், சிறையிலிருப்பவனைப் போய்ப் பார்த்தது. மதம் மக்களுக்கு அபின் என்று 1840-களில் மார்க்ஸ் எழுதியதற்கு அந்த அதிகாரம் ஒருவகைப் பதில்தான். ஆனால் பிரசங்க மேடைகள் பல அபினைத்தான் விநியோகித்தன என்பதையும் மறுப்பதற்கில்லை. வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசிக் காட்சியில் மனிதர்கள் மேலே போவதில்லை. புதிய எருசலேம் என்கிற நகரம் ‘பரலோகத்தைவிட்டு இறங்கிவரக்கண்டேன்’ என்கிறார் எழுதியவர். இதைப் படித்த பிறகும் பூமியை ஒரு பேருந்து நிறுத்தம்போல நடத்துவது எப்படி என்று எனக்குப் புரிந்ததில்லை.

சாம்பல்

உடல் எழும் என்பதை எதிரிகள் எவ்வளவு நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள் என்பதற்குச் சாட்சி, பிரான்சின் லியோன் நகரில் 177-ஆம் ஆண்டு நடந்த கொலைகள். பிளாந்தினா என்ற அடிமைப் பெண்ணும், தொண்ணூறு வயதைக் கடந்த ஆயர் பொத்தினுஸும் அதில் செத்தவர்கள். தப்பியவர்கள் எழுதிய கடிதத்தை வரலாற்றாசிரியர் எவுசேபியஸ் பாதுகாத்து வைத்திருக்கிறார். கொன்றவர்கள் உடல்களை ஆறு நாள் வெளியே போட்டுவைத்து, பிறகு எரித்து, சாம்பலை ரோன் ஆற்றில் பெருக்கித் தள்ளினார்கள். உயிர்த்தெழுதல் என்ற நம்பிக்கையே இவர்களுக்கு இல்லாமல் போகட்டும் என்பதுதான் அவர்கள் நோக்கம் என்கிறது கடிதம்.

அப்படிப்பட்ட சாம்பலை எப்படித் திரட்டுவது என்ற கேள்வி அறிஞர்களையும் விடவில்லை. நரமாமிசம் தின்றவன் உடலில் கலந்துபோன சதை யாருடையது என்று கேட்டவர்களுக்கு அகுஸ்தீன் பொறுமையாகப் பதில் சொன்னார்: முதலில் யாருடையதாக இருந்ததோ அவருக்கு. குழந்தையாய் இறந்தவர்களும் கிழவர்களாய் இறந்தவர்களும் முப்பது வயதின் பொலிவோடு எழுவார்கள். பெண்கள் பெண்களாகவே எழுவார்கள். ஆண்களாக மாறுவார்கள் என்று அப்போது சிலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரத்தசாட்சிகளின் தழும்புகள் மட்டும் அழகாக மாறித் தங்கியிருக்கும். நமக்குச் சிரிப்பு வரலாம். உடலை இவ்வளவு மெனக்கெட்டு மதித்த தத்துவம் அந்தக் காலத்தில் வேறு இல்லை என்பதையும் சேர்த்தே சிரிக்க வேண்டும்.

சாம்பலான உடலையும் கடவுளால் எழுப்ப முடியும் என்பதில் சபைக்குச் சந்தேகம் இருந்ததில்லை. இருந்தும் 1886-இல் ரோம் தகனத்தைத் தடைசெய்தது. அன்றைய ஐரோப்பாவில் தகனச் சங்கங்களை நடத்தியவர்களில் பலர், மறுமையை மறுக்கும் அறிக்கையாகவே அதைச் செய்தார்கள். 1963-இல் தடை விலகியது. உயிர்த்தெழுதலை மறுப்பதற்காக இல்லையென்றால் எரிக்கலாம். 2016-இல் மேலும் ஒரு விளக்கம் வந்தது: சாம்பலைத் தூவவோ ஆற்றில் கரைக்கவோ வீட்டில் வைத்துக்கொள்ளவோ கூடாது, புனிதப்படுத்திய இடத்தில் வைக்க வேண்டும்.

நம் நகரங்களில் பிரச்சினை கோட்பாட்டைவிட இடத்தைப் பற்றியது. சென்னை போன்ற ஊர்களில் பழைய கல்லறைத் தோட்டங்கள் நிரம்பிவிட்டன. ஒரே குழியைச் சில ஆண்டுகள் கழித்து அதே குடும்பத்துக்காக மறுபடி திறக்கிறார்கள். பழைய எலும்புகளை ஓரமாய்ச் சேர்த்துவைத்துவிட்டுப் புதியவரைப் படுக்கவைக்கிறார்கள். தாத்தா, பாட்டி, அவர்களுக்கு மேல் மகன். கல்லில் பெயர் வெட்டுகிறவரிடம், கடைசிப் பெயருக்குக் கீழே இன்னும் இரண்டு பேருக்கு இடம் விடச் சொல்கிறார்கள்.